காலியா விடாதே, கோடு போடு

திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தபோது திரை முழுக்க மஞ்சள் வரிகள். எண்ணிப் பார்க்கத் தேவையில்லாமல் கீழே கணக்கும் போட்டிருந்தது: 86. வெள்ளிக்கிழமை மாலை அவள் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒன்றுகூட இருக்கவில்லை.

கோவையில் ஒரு சின்ன நிறுவனம் அது. விவசாய மோட்டார்களுக்கான ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிறார்கள். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓட வேண்டும், போரில் தண்ணீர் வற்றினால் தானாக நிற்க வேண்டும். பெட்டிக்குள் நகத்தளவு சிப் ஒன்று. அதில் ஓடும் புரோகிராமை சி மொழியில் எழுதுவது நான்கு பேர். அவர்களில் அவள்தான் இளையவள். சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

வார இறுதியில் எதுவும் கெட்டுப்போய்விடவில்லை. டீம் லீட்தான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கம்பைலரின் அமைப்பில் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார். அங்கே எல்லோருக்கும் அவர் 'அண்ணா'. எழுதிய புரோகிராமை சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றுவதுதான் கம்பைலரின் வேலை. மாற்றும்போது கண்ணில் படும் சந்தேகங்களை அது வார்னிங் என்று சொல்லும். அவர்கள் பயன்படுத்தும் ஜிசிசி கம்பைலரில் 'எல்லாம்' என்றே பெயர்கொண்ட ஒரு தேர்வு உண்டு. பெயரில்தான் எல்லாம். பயன்படாத பாராமீட்டர் பற்றிய வார்னிங் அதில் வராது. அதற்கு 'எக்ஸ்ட்ரா' என்று இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஃபுல் மீல்ஸ் என்று போர்டு வைத்துவிட்டு, பாயசத்துக்குத் தனி டோக்கன் கேட்பதுபோல. அண்ணா அந்த டோக்கனை வாங்கிவிட்டார். 86-ம் வந்து இறங்கிவிட்டது.

பயன்படாத பாராமீட்டர் என்றால் என்ன? தையல்காரரிடம் ரவிக்கைக்குக் கொடுப்பதை நினைத்துக்கொள்ளலாம். மார்பளவு, தோளளவு, கையளவு என்று மூன்றும் எழுதிக் கொடுக்கிறோம். அவர் தைத்து முடித்துவிட்டார். ஆனால் கையளவை எடுத்துப் பார்க்கவே இல்லை. புரோகிராமில் அந்தத் தையல்காரருக்குப் பெயர் ஃபங்ஷன். கொடுத்த அளவுகள் பாராமீட்டர். கம்பைலர் சொல்வது இவ்வளவுதான்: 'கையளவு என்று ஒன்று கொடுத்திருக்கிறீர்கள், உள்ளே யாரும் அதைத் தொடவில்லை.'

தைத்தது ஸ்லீவ்லெஸ் என்றால் சரிதான், கையளவுக்கு அங்கே வேலையில்லை. முழுக்கை ரவிக்கை என்றால் எங்கோ ஒரு தப்பு நடந்திருக்கிறது. இது ஸ்லீவ்லெஸ்ஸா முழுக்கையா என்பது கம்பைலருக்குத் தெரியாது. அதனால்தான் பிழை என்று வேலையை நிறுத்தாமல், வார்னிங் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

"பத்து நாள்ல பத்துப் பெட்டி தோட்டத்துக்குப் போகணும்மா. அதுக்குள்ள இந்த மஞ்சளெல்லாம் போயிருக்கணும்" என்றார் அண்ணா.

போக்குவதற்கு வழி இருக்கிறது, அதுவும் மிகச் சுலபமான வழி. ஃபங்ஷனின் முதல் வரியில் அடைப்புக்குறிக்குள் 'வாய்டு' என்று எழுதி, பக்கத்தில் அந்தப் பாராமீட்டரின் பெயரையும் ஓர் அரைப்புள்ளியையும் வைத்துவிட்டால் போதும். 'பார்த்தேன், வேண்டாம்' என்று கம்பைலரிடம் சொன்ன மாதிரி. சிப்புக்குப் போகும் கட்டளைகளில் இதனால் ஒன்றுகூடக் கூடாது. கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும். உலகம் முழுக்க சி எழுதுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். க்யூடி நூலகத்தில் இதற்கென்றே பெயர் வைத்த ஒரு சுருக்கம் இருக்கிறது, விண்டோஸில் இன்னொன்று.

இந்தத் தொல்லை புதிதும் அல்ல. 1970-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஸ்டீபன் ஜான்சன் என்பவர், சி புரோகிராம்களில் சந்தேகப்படும்படியான இடங்களைத் தேடிச் சொல்லும் கருவி ஒன்றை எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'லிண்ட்'. துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத்தூசிக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். மில் சங்கு கேட்டு எழுந்த கோவைக்காரர்களுக்கு அந்தத் தூசியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பயன்படாத பாராமீட்டரை அந்த லிண்ட்டும் கேள்வி கேட்டது. 'இந்த ஃபங்ஷனில் கேட்காதே' என்று அதன் வாயை அடைக்க, அன்றைக்கே ஒரு தனிக் குறிப்பும் இருந்தது.

அவள் முதல் ஏழு வார்னிங்குகளைப் பொறுப்பாகத்தான் படித்தாள். ஏழும் ஒரே ரகம். அந்த சிப்பில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற குட்டி இயங்குதளம் ஓடுகிறது. அதில் ஒவ்வொரு வேலையையும் ஒரு ஃபங்ஷனாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஃபங்ஷன் கட்டாயம் ஒரு பாராமீட்டரை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. நமக்கு வேண்டுமா வேண்டாமா என்று அது கேட்பதில்லை. கூப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள், வாங்கிக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். டைமர்களிலும் அதே கதை. ஏழிலும் 'வாய்டு' போட்டாள். ஏழும் நியாயமான 'வேண்டாம்'கள்.

எட்டாவதைப் பார்த்தபோது அலுப்பு வந்துவிட்டது. எல்லாம் இப்படித்தான் இருக்கப்போகிறது என்று தோன்றியது. பத்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். கம்பைலர் எந்தெந்தப் பெயரைச் சொல்கிறதோ, அந்தந்த ஃபங்ஷனின் தலையில் அது தானாகவே 'வாய்டு' வரியைச் செருகிவிடும். ஓட்டினாள். மதியச் சாப்பாட்டுக்குள் 86 பூஜ்யமாகிவிட்டது. அண்ணா எல்லோருக்கும் பப்ஸ் வாங்கித் தந்தார். அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சோதனைக்குப் போன பத்துப் பெட்டிகளில் ஒன்று பல்லடம் பக்கம் அவளுடைய பெரியப்பாவின் தோட்டத்துக்குப் போனது. அவளே கேட்டு வாங்கிக் கொடுத்ததுதான். 800 அடி போர். கோடையில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வரும். பெரியப்பாவுக்கு அந்தப் பெட்டியால் என்ன லாபம் என்பதை அவளே விளக்கிச் சொல்லியிருந்தாள்.

தண்ணீர் தூக்கும்போது மோட்டார் ஓர் அளவு கரண்டை இழுக்கும். போர் வற்றி, பம்ப் வெறுமனே சுற்றும்போது அந்த அளவு இறங்கிவிடும். பெட்டி அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். இறங்கியது இத்தனை நொடி நீடித்தால் மோட்டாரை நிறுத்து, அரைமணி கழித்து மறுபடி ஓட்டிப் பார். அந்த 'இத்தனை நொடி'யைத் தோட்டக்காரரே பட்டனை அழுத்தி வைத்துக்கொள்ளலாம். பெரியப்பா 5 என்று வைத்திருந்தார். நீர்மூழ்கி மோட்டாரில் பம்புக்குள் இருக்கும் புஷ்களுக்கு மசகும் குளிர்ச்சியும் அந்தத் தண்ணீர்தான். வறண்டு சுற்றினால் தேய்ந்துவிடும். அதனால் 5 நொடி என்பது விளையாட்டுக் கணக்கு இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி போன் வந்தது.

"ஏஞ்சாமி, உன்ற பொட்டி அஞ்சு செகண்டுல நிக்கும்னியே, நிக்கலியே."

"இல்லீங்க பெரியப்பா, நிக்குமே. டிஸ்பிளேல 5-ன்னுதானே காட்டுது?"

"காட்டுறதெல்லாம் அஞ்சுதான். நான் கெணத்து மேட்டுல படுத்திருக்கறேன். தண்ணி தூக்குற சத்தம் வேற, சும்மா சுத்துற சத்தம் வேற. நெதமும் கேட்டுட்டுத்தான் இருக்கறேன். ரெண்டு நிமிசம் சும்மா சுத்திப்போட்டுத்தான் நிக்குது."

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு தோட்டத்துக்குப் போனாள். மோட்டார் ஓடியது. பத்து நிமிடத்தில் குழாயில் தண்ணீர் மெலிந்து, காற்று கக்கி, நின்றது. பெரியப்பா விரலை உயர்த்தினார். மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். 5 நொடி போனது, 10 போனது, 60 போனது. சரியாக 120-ல் மோட்டார் நின்றது.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். தேட அதிக நேரம் ஆகவில்லை. கரண்ட் அளவு, வரம்பு, தாமதம் என்று மூன்று பாராமீட்டர் வாங்கும் ஃபங்ஷன். தாமதம் என்பதுதான் பட்டனில் வைக்கிற அந்த 5. உள்ளே ஒப்பிடும் இடத்தில் தாமதம் என்ற பெயர் இல்லை, 120 என்று நேரடியாக எழுதியிருந்தது. அலுவலக மேசையில் சோதிக்கிற குட்டி மோட்டார் எப்போதும் பாரமில்லாமல்தான் சுற்றும். 5 நொடிக்கு ஒருமுறை அது நின்று நின்று உயிரை வாங்கும். முன்பு வேலை பார்த்த யாரோ ஒருவர், அந்தத் தொல்லைக்காகத் தற்காலிகமாக 120 என்று போட்டிருக்கிறார். அப்புறம் அவர் வேலை மாறிப் போய்விட்டார். 120 அங்கேயே தங்கிவிட்டது.

கம்பைலர் இதைச் சொல்லியிருந்தது. 'தாமதம் என்று ஒன்று கொடுத்திருக்கிறீர்கள், யாரும் அதைத் தொடவில்லை' என்று, அந்த 86-ல் ஒன்றாக, ஊர் பேர் வரி எண்ணோடு சொல்லியிருந்தது. ஃபங்ஷனின் முதல் வரியில் இப்போது இருந்தது: வாய்டு, தாமதம், அரைப்புள்ளி. யார் எழுதிய வரி என்று கேட்டால் கிட் மென்பொருள் தேதியோடு சொல்லும். அவள் பெயரைத்தான் சொன்னது.

அடுத்த நாள் வண்டி வந்து, 800 அடிக் குழாயையும் துண்டு துண்டாகக் கழற்றி மோட்டாரை மேலே தூக்கினார்கள். புஷ்கள் தேய்ந்திருந்தன. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பம்பே பிடித்துக்கொண்டிருக்கும் என்றார் மெக்கானிக். செலவை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த நாலு நாளும் தென்னைக்குத் தண்ணீர் இல்லை. பெரியப்பா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "புதுப் பொட்டின்னா அப்படித்தான் சாமி, விடு" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மற்ற ஒன்பது தோட்டங்களுக்கும் அன்றிரவே போன் போட்டார்கள். ஒருத்தரும் கவனித்திருக்கவில்லை. இது கவனக்குறைவு அல்ல. எல்லோருமா மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிணற்று மேட்டில் படுத்திருக்க முடியும்?

ஞாயிறன்று தோட்டத்திலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். சி மொழி அவருக்குத் தெரியாது. ஆனால் படிவம் தெரியும். பள்ளிக்கூட விண்ணப்பத்திலிருந்து பாஸ்போர்ட் வரை வீட்டில் எந்தப் படிவமும் அவர் கண்ணுக்குத் தப்பிப் போனதில்லை. காலியாக ஒரு கட்டத்தைப் பார்த்துவிட்டால் பேனாவை எடுத்துக் கோடு போடுவார், அல்லது 'இல்லை' என்று எழுதுவார். "காலியா விட்டா ரெண்டு அர்த்தம் கண்ணு. உனக்கு அது பொருந்தாதுன்னும் இருக்கலாம், நீ எழுத மறந்துட்டேன்னும் இருக்கலாம். வாங்கறவனுக்கு எப்படித் தெரியும்?" சின்ன வயதில் இதை எத்தனை முறை கேட்டிருக்கிறாள் என்று கணக்கே இல்லை.

"வாய்டு போடறதும் அந்தக் கோடு மாதிரிதானேப்பா. நானும் கோடுதான் போட்டேன்."

அப்பா கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு ஒரு முதியோர் பென்ஷன் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னார். வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் அவசரத்தில், மிச்சமிருந்த கட்டங்களுக்கெல்லாம் சேர்த்து மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக இழுத்துவிட்டாராம். அந்தக் கோட்டுக்குள் வங்கிக் கணக்கு எண் கேட்கிற கட்டமும் அடக்கம். "காலியா இருந்திருந்தா நான் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். கோடு போட்டிருந்துச்சு, கணக்கு இல்லன்னு நெனச்சுட்டேன். அந்தப் பாட்டிக்கு மூணு மாசம் தள்ளிப்போச்சு." அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பல வருஷத்துக்கு முந்தைய சம்பவம்.

அண்ணாவும் திட்டவில்லை. டீ குடிக்கும்போது டெபியன் கதையைச் சொன்னார். புரோகிராம் எழுதுகிறவர்களிடையே பிரபலமான கதை, நடந்த கதை.

டெபியன் என்பது லினக்ஸ் வகைகளில் ஒன்று. 2006-ல் அதில் இருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்ற நூலகத்தைச் சோதித்தபோது, நினைவகத்தைக் கண்காணிக்கும் கருவி ஒன்று முணுமுணுத்தது: முதல் மதிப்பு வைக்காத இடத்தைப் படிக்கிறீர்கள் என்று. அந்த நூலகம்தான் இணையத்தில் ரகசியச் சாவிகளை உருவாக்குகிறது. முணுமுணுப்பை நிறுத்த இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. ஒன்றை எடுத்ததில் பெரிய கெடுதல் இல்லை. இன்னொன்றுதான் விவகாரம். சாவி யூகிக்க முடியாததாக இருப்பதற்காக, குத்துமதிப்பான எண்களைப் பாராமீட்டராக வாங்கி, ஏற்கெனவே இருப்பதோடு பிசைந்து கலக்கும் ஃபங்ஷன் அது. கலக்குகிற வரியே போய்விட்டது. மாவு கொடுக்கிறார்கள், வாங்கி வைக்கிறார்கள், யாரும் பிசையவில்லை.

கம்பைலராவது இதைப் பிடித்திருக்குமா? பிடித்திருக்காது. அந்தப் பாராமீட்டரின் பெயர் அதற்குக் கீழே இன்னொரு வரியில், அடுத்த துண்டுக்கு நகர்த்துவதற்காக ஒப்புக்கு ஒருமுறை வருகிறது. கம்பைலரின் கணக்கில் அது 'பயன்பட்டது'. உள்ளே இருப்பதை ஒருவரும் பார்க்கவில்லை என்பது அதற்குத் தெரியாது.

அதன் பிறகு சாவிகள் உருவாகும்போது மிஞ்சியிருந்த ஒரே வேறுபாடு, கணினியில் அந்த நேரம் ஓடும் புரோகிராமின் வரிசை எண்தான். வழக்கமாக அது 32,768-ஐத் தாண்டாது. கோடானுகோடி சாத்தியங்கள் இருக்க வேண்டிய இடத்தில் அவ்வளவுதான். முயன்றால் எல்லாச் சாவிகளையும் முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்துவிடலாம், செய்தும் காட்டினார்கள். 2008 மே மாதம் இது வெளியே தெரிந்தபோது, கிட்டத்தட்ட இரண்டு வருடமாக உலகம் முழுக்க டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் உருவான சாவிகளைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. செய்தவர் அலட்சியக்காரர் என்று சொல்லிவிட முடியாது. மாற்றும் முன் நூலகத்தின் மடலாடல் குழுவில் கேட்டிருந்தார். பதிலும் வந்திருந்தது. கேட்டவரும் பதில் சொன்னவர்களும் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கதையைக் கேட்டு முடித்ததும் அவள் போய் அந்த ஸ்கிரிப்ட் செருகிய வரிகளை மொத்தமாக எடுத்துவிட்டாள். முதலில் படித்துப் போட்ட ஏழைக்கூட விட்டுவைக்கவில்லை. 86 மஞ்சளும் திரும்பி வந்தன.

இந்த முறை ஒன்பது நாள் ஆனது. 58 இடங்களில் வேண்டாம் என்பதுதான் சரியான பதில். அங்கே மறுபடி 'வாய்டு' போட்டாள், ஆனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏன் என்று ஒரு வரி குறிப்பு எழுதினாள். 'டைமர் ஒன்றே ஒன்றுதான், எது என்று பார்க்கத் தேவையில்லை' என்பதுபோல. 19 இடங்களில் பழைய வடிவமைப்பின் மிச்சம். கேட்பாரும் இல்லை, தருவாரும் இல்லை. அந்தப் பாராமீட்டர்களையே நீக்கி, அழைக்கும் இடங்களிலும் திருத்தினாள். இதுதான் மெனக்கெட்ட வேலை, இதைத் தவிர்க்கத்தான் பெரும்பாலோர் 'வாய்டு' போட்டுவிட்டுப் போகிறார்கள். 6 இடங்களில் தப்பே இருந்தது. தாமதம் அதில் ஒன்று. மற்ற ஐந்தில் நான்கு சில்லறை. ஐந்தாவது, மூன்று பேஸில் ஒன்று போனால் எந்தப் பேஸ் என்று சொல்ல வேண்டிய இடம், எது போனாலும் முதல் பேஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

'வாய்டு'வில் இன்னொரு வம்பும் இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். 'வேண்டாம்' என்று முதல் வரியில் எழுதிவிட்டு, நாலு வரி தள்ளி அதே பெயரைப் பயன்படுத்தினாலும் யாரும் தடுப்பதில்லை. ஆறு மாதம் கழித்துப் படிக்கிறவருக்கு எதை நம்புவதென்று தெரியாது. சி பிளஸ் பிளஸ்ஸில் பாராமீட்டருக்குப் பெயரே வைக்காமல் விட்டுவிடலாம். பெயரில்லாததை யாராலும் தவறிப்போய்க்கூடப் பயன்படுத்த முடியாது. சி மொழியின் 2023-ம் ஆண்டுத் தர வடிவத்தில் இந்த வசதி அதற்கும் வந்துவிட்டது. ரஸ்ட் மொழியில் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டால் கம்பைலர் கேட்காது. கோ மொழியோ, பயன்படாத மாறி உள்ளே இருந்தால் பிழை என்று வேலையையே நிறுத்திவிடும், ஆனால் பயன்படாத பாராமீட்டரை மட்டும் கண்டுகொள்ளாது. அவர்கள் அலுவலகத்தில் இருப்பது பழைய கம்பைலர். அதனால் 'வாய்டு'வும் குறிப்பும்தான்.

புஷ் மாற்றி மோட்டாரை இறக்கி, புதிய புரோகிராம் ஏற்றிய பெட்டியை மாட்டிய இரவு அவளே பெரியப்பாவுக்கு போன் போட்டாள். அவர் போனை காதில் வைத்துக்கொள்ளாமல் குழாய்ப் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார் போல. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அது மெலிந்தது. மோட்டாரின் குரல் மாறியதை இந்த முறை அவளாலும் கேட்க முடிந்தது. ஒன்று, இரண்டு என்று தூரத்தில் பெரியப்பா எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்தில் எல்லாம் அடங்கிப் பூச்சிச் சத்தம் மட்டும் கேட்டது.

86-ல் மூன்று மிச்சம் இருக்கின்றன. என்ன நினைத்து அந்தப் பாராமீட்டர்களை வைத்தார்கள் என்பது அண்ணாவுக்கே தெரியவில்லை. எழுதியவரின் எண்ணைத் தேடிப்பிடித்து வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறாள், பதில் வரவில்லை. அதுவரை அவற்றில் 'வாய்டு' போடுவதாக இல்லை. தினமும் காலையில் கணினியைத் திறந்தால் அந்த மூன்று மஞ்சள் வரிகள் வருகின்றன.